இடம் கிடைத்த பின்

நம் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் கேட்டபோது, நம் மக்கள் பள்ளிக்குள் நுழைந்த வரலாற்றையே யான் எழுதுவேன் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவ்வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். இம்மலரிலேயே வேறு சிலரும் எழுதக்கூடும். யான் எழுத விரும்புவது அதற்கு அடுத்த படியைப் பற்றியதாகும். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஒன்றில் மட்டுமன்றி இரண்டிலும் கிடைத்துவிட்டது. எதிற் சேர்வது?

வசதி படைத்தோர் வீட்டில் இக்கேள்வி இரவு உணவின்போது பேசித் தீர்க்கப்படும். நம் வீடுகளில் இக்கேள்வி எழுந்ததே அண்மைக் காலத்திற்றான். ஒரு கதவேனும் திறவாதா என்று காத்து நின்றவனுக்கு எந்தக் கதவு என்னும் ஐயம் எவ்வாறு எழும்? ஆயினும் ஒடுக்கப்பட்டோர் வரலாற்றில் அவ்வையம் எழுந்த இடங்கள் சில உண்டு. அவற்றைக் கூர்ந்து நோக்கினால், கல்லூரியைத் தேர்ந்தது பெரும்பாலும் மாணவனின் மதிப்பெண் அன்று. பணமும், தங்குமிடமும், காலக்கெடுவுமே என்பது புலனாகும்.

முதலில் அமெரிக்க நாட்டு நிகழ்ச்சி ஒன்று. டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர் 1868-ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பேரிங்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். ஐக்கிய நாடுகள் அவைக்கு அந்நாட்டுக் கறுப்பின மக்கள் அனுப்பிய விண்ணப்பத்தின் படிகளை வேண்டி அண்ணல் அம்பேத்கர் 1946-இற் கடிதம் எழுதியது இவருக்கே. அதே ஆண்டு ஜூலைத் திங்களில் இவரிடமிருந்து விடையும் வந்தது. டு பாய்ஸ் உயர்நிலைப் பள்ளியை முடித்தது 1884-இல். அவர் கனவு ஹார்வர்டு. அது அவர் பிறந்த மாநிலத்திலேயே இருந்தது. ஆனால் தந்தை குழந்தைப் பருவத்திலேயே பிரிந்து சென்றவர். உழைத்து வளர்த்த தாயும் மகன் கல்லூரிக்குப் புறப்படுமுன் மறைந்தார். உதவ முன்வந்தவர்கள் பள்ளித் தலைமையாசிரியரும் கிறித்தவ சபையினரும் ஆவர். இலத்தீனும் கிரேக்கமும் அடங்கிய கல்லூரி நோக்குப் பாடப்பிரிவை எடுக்குமாறு அச்சிறுவனைத் தூண்டியவரும் அத்தலைமையாசிரியரே. அப்பிரிவை எடுத்திராவிடின் பின்னர் எந்தக் கல்லூரியும் இல்லை. (மேனிலை வகுப்பில் எந்தப் பிரிவு என்பதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடும் நம் பெற்றோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.)

எனினும் அவர்கள் திரட்டிய பணம் ஹார்வர்டுக்கு உரியதாக இல்லை. தெற்கே டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரில், அடிமைத்தளையினின்று விடுபட்ட மக்களுக்கென 1866-இல் தொடங்கப்பெற்ற ஃபிஸ்க் கல்லூரிக்கு உரியதாக இருந்தது. கறுப்பின மாணவன் கறுப்பின மக்களிடையே சென்று பயில்வதே தகும் என்பது அந்நல்லோரின் எண்ணம். பணத்தைக் கொடுத்தவர்கள் கல்லூரியையும் சேர்த்தே கொடுத்தார்கள்.

டு பாய்ஸ் 1885-இல் ஃபிஸ்கிற் சேர்ந்தார். கோடை விடுமுறைகளில் டென்னசியின் நாட்டுப்புறப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் சொன்னார். வடக்கே வெள்ளையர் சிற்றூரில் வளர்ந்த அவர் தம் மக்களைக் கண்டது அங்கேதான். அந்த அனுபவமே 1903-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற அவருடைய நூலுக்கு உரமாயிற்று. இதனால் உதவியோரின் எண்ணம் சரியென்று ஆகிவிடாது. விளைவு நன்றாக அமைந்தது, அது வேறு. 1888-இற் பட்டத்துடன் அவர் ஹார்வர்டுக்குச் சென்றபோது, அப்பட்டத்தை ஹார்வர்டு முழுப் பட்டமாக ஏற்கவில்லை. மூன்றாம் ஆண்டு மாணவராகவே சேர்த்துக்கொண்டது. ஆகவே இரண்டாம் முறை பி.ஏ. பட்டம் பெற்றார். அங்கும் பாடகர் குழுவிற் சேர முயன்று மறுக்கப்பட்டார். 1892 முதல் ஈராண்டு பெர்லினிற் பயின்றார். மேலும் சில காலம் தங்கியிருந்தால் ஜெர்மானியப் பட்டம் கைகூடியிருக்கும். உதவித்தொகை நீட்டிக்கப்படாமையால் வெறுங்கையுடன் திரும்பினார். 1895-இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற முதற் கறுப்பின அமெரிக்கர் அவரே. பெர்லினை இழந்தது அறிவுக் குறைவாலன்று என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ அதே இடையூறு இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து இலண்டனில் நம் அண்ணலுக்கும் நேர்ந்தது.

அண்ணலின் கல்லூரி வரலாற்றை நம் மாணவர்கள் பட்டங்களின் பட்டியலாகவே மனப்பாடம் செய்கின்றனர். பட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளைப் படிப்போர் சிலரே. யான் அவ்விடைவெளிகளையே பார்க்க அழைக்கிறேன்.

1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறிய அம்பேத்கர் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் சேர்ந்தார். ஓய்வு பெற்ற படைத்துறை சுபேதாரான தந்தையாற் கல்லூரிச் செலவைத் தாங்க இயலவில்லை. கேளுஸ்கர் என்னும் ஆசிரியர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடிடம் எடுத்துரைக்க, மாதம் 25 ரூபாய் உதவி கிடைத்தது. மூல்லர் என்னும் பேராசிரியர் நூல்களும் உடையும் தந்தார். ஆனால் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்காரர் தேநீரும் தரவில்லை, தண்ணீரும் தரவில்லை. இடம் கிடைத்த கல்லூரியில் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை.

1913-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் பட்டதாரி. பிப்ரவரி 2-ஆம் நாள் தந்தை மறைந்தார். அவ்வாண்டு பரோடா அரசு மாணவர் சிலரைக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்கு அனுப்ப எண்ணியது. கெய்க்வாட் முன்னரே அமெரிக்கப் பயணம் மேற்கொண்டவர். அந்நாட்டு நூலகங்களைக் கண்டு வியந்து, அங்கிருந்தே நூலக வல்லுநர் ஒருவரைத் தம் அரசுக்கு வரவழைத்தவர். ஜூன் 4-ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று: மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுக்கு உதவி, படித்து முடித்தபின் பரோடா அரசில் பத்தாண்டுப் பணி. ஆக, கொலம்பியா என்பது அம்பேத்கர் பல கல்லூரிகளுள் ஆராய்ந்து எடுத்ததன்று. டு பாய்சின் ஃபிஸ்கைப் போன்றே, பணத்தோடு சேர்ந்து வந்த கல்லூரிதான். ஆனால் அக்கல்லூரியில் எதைப் படிப்பது என்பதை அவரே தேர்ந்தார். பொருளியலை முதன்மையாகக் கொண்டு, சமூகவியல், வரலாறு, மெய்யியல், மானிடவியல் எனக் கிடைத்த வகுப்புகளிலெல்லாம் அமர்ந்தார். செலிக்மன், டூயி போன்றோரிடம் பாடம் கேட்டார். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916-ஆம் ஆண்டு மே 9-ஆம் நாள் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய கட்டுரையை மானிடவியல் கருத்தரங்கிற் படித்தார். அவருக்கு அப்போது வயது இருபத்தைந்து.

அவர் தாமே செய்த முதற் கல்லூரித் தேர்வு 1916-ஆம் ஆண்டில்தான் நிகழ்ந்தது. அவ்வாண்டின் நடுவில் இலண்டனுக்குச் சென்று, இலண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் என்னும் சட்டக் கழகத்திலும் ஒருங்கே சேர்ந்தார். இரண்டுள் ஒன்று போதாதா என்று அன்றும் சிலர் எண்ணியிருப்பர். என் கருத்தில் இது பேராசையன்று, கணக்கு. பொருளியற் பட்டம் அறிவுலகில் எவரும் மறுக்கவியலாத தகுதியைத் தரும். ஆனால் அத்தகுதிக்கு வேலை தருவது பிறர் கையில் இருக்கிறது. சட்டத் தொழில் செய்வோன் எவர் அலுவலகத்திலும் நாற்காலிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தீண்டாமை நிலவும் நாட்டுக்குத் திரும்பப் போகிறவர் இரண்டையும் தேடியதில் வியப்பில்லை.

1917-இல் உதவித்தொகை முடிவுற்றது. திரும்பி வருமாறு பரோடாவினின்று அழைப்பு வந்தது. இலண்டன் ஆய்வு பாதியில் நின்றது. இவ்விடத்தில் அவர் செய்த ஒரு செயலைப் பாட நூல்கள் பெரும்பாலும் ஒரு வரியிற் கடந்து செல்கின்றன. கப்பலேறுமுன், 1917 அக்டோபர் முதல் நான்காண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் இசைவைப் பல்கலைக் கழகத்திடம் பெற்றுக்கொண்டார். பணம் இல்லை, ஆனால் இடத்தை விட்டுவிடவில்லை. அதனைக் காப்பாற்றி வைத்துவிட்டே வந்தார்.

பின்னர் நிகழ்ந்தன எல்லோரும் அறிந்தவை. தனிக் கப்பலில் அனுப்பிய நூல்களும் பொருள்களும் போர்க்காலத் தாக்குதலிற் கடலில் மூழ்கின. பரோடாவில் தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் தங்கி, அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார். 1918 நவம்பரிற் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியிற் பேராசிரியரானார். அங்கும் பொதுப் பானைத் தண்ணீரை அவர் பருகலாகாது என்று உடன் பணிபுரிவோர் சிலர் மறுப்புரைத்தனர். அவ்வேலையை அவர் விடுதலைக்காகச் செய்தார் என்பதைக் காட்டிலும், இலண்டனில் தமக்காகக் காத்திருந்த இடத்துக்குப் பணம் சேர்க்கவே செய்தார் எனலே பொருந்தும். சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் உதவினார். கொலம்பியாவில் அறைத் தோழராக இருந்த பார்சி நண்பர் நவல் பத்தேனா ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்தார். 1920 ஜூலையிற் புறப்பட்டு, கெடு முடிய ஓராண்டு இருக்கும்போதே இலண்டனில் மீண்டும் சேர்ந்தார். 1921-இல் எம்.எஸ்ஸி.; 1923-இல் டி.எஸ்ஸி.; பாரிஸ்டர் பட்டமும் கைவந்தது. கொலம்பியாவின் பிஎச்.டி. பட்டம் ஆய்வு நூல் அச்சாகிய பின்னரே, 1927-இல் முறைப்படி வழங்கப்பெற்றது. 1913-இற் பெற்ற இடத்துக்கு 1927-இல்தான் பட்டம் முழுமையாயிற்று.

இத்துன்பத்தை அனுபவித்தவர் கையில் அதிகாரம் வந்தபோது என் செய்தார் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. 1942-இல் வைசிராய் நிர்வாகக் குழு உறுப்பினரான அண்ணல், அவ்வாண்டு அக்டோபரிலேயே பட்டியல் வகுப்பினர் குறைகளை விரித்துரைக்கும் கோரிக்கை மனுவை அளித்தார். 1944-இல் பட்டியல் வகுப்பு மாணவர்க்கு மெட்ரிக்குலேஷனுக்குப் பிற்பட்ட படிப்புக்கான மத்திய அரசு உதவித்தொகை தொடங்கிற்று. பழங்குடியினர்க்கு அது 1948-இல் விரிந்தது. பரோடா உதவிக்கும் இதற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பரோடா உதவி கல்லூரியையும் குறிப்பிட்டுத் தந்தது. இவ்வுதவியோ மாணவன் சேர்ந்த கல்லூரியைப் பின்தொடர்ந்து செல்வது. தேர்வு முதன்முறையாக மாணவன் கைக்கு வந்தது இதனால்தான். 1945-இல் அவர் தோற்றுவித்த மக்கள் கல்விக் கழகம் பம்பாயிற் சித்தார்த்தர் கல்லூரியைத் தொடங்கியபோது, பகலில் வேலைக்குச் செல்வோரும் படிக்கும் வண்ணம் காலை வகுப்புகள் வைக்கப்பெற்றன. வேலையா, கல்லூரியா என்னும் தேர்வையே தேவையற்றதாக்கும் முயற்சி அது.

நிற்க. இனி நம் மாநிலம்.

பரங்கிமலையிற் பிறந்த பெருந்தலைவர் எம். சி. ராஜா சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பயின்றவர். அவர் பெயரால் சைதாப்பேட்டையில் விளங்கும் கல்லூரி மாணவர் விடுதியை நம்மவர் பலர் அறிவர். கல்லூரி வரலாற்றில் கல்லூரிகளைக் காட்டிலும் விடுதிகளே நமக்கு முதன்மையானவை என்பது என் துணிபு. நகரத்திற் கல்லூரி இடம் கிடைத்த எத்தனையோ பேர், சாதி கேட்காமல் அறை தருவார் இன்மையாற் பெட்டியுடன் ஊர் திரும்பியதுண்டு. 1919-க்குப் பின் தொழிலாளர் ஆணையர் துறையும், அதன் வழிவந்த அரிசன நலத் துறையும், பின்னர் ஆதி திராவிடர் நலத் துறையும் அமைத்த விடுதிகள் எந்த ஊர்களில் இருந்தனவோ, அந்த ஊர்க் கல்லூரிகளே நம் மாணவரின் 'விருப்பக் கல்லூரிகள்' ஆயின. 2025-ஆம் ஆண்டு அவ்விடுதிகளுக்குச் சமூக நீதி விடுதிகள் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பெற்றது. பெயர் நன்று. கூரையும் நீரும் அப்பெயருக்கு ஏற்றவாறு அமைதல் வேண்டும்.

தொழிற் கல்லூரிகளில் வகுப்புவாரி ஆணையின்படி பதினான்கு இடங்களுள் இரண்டு ஆதி திராவிடர்க்கு உரியவை. 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவ்வாணையைச் செல்லாதென்றது. வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன் அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்யவில்லை என்பது இன்றும் வியப்பூட்டும் செய்தி. விண்ணப்பிக்காத இடத்துக்காகவும் வழக்காடும் வன்மை சிலர்க்கு இருந்தது. கிடைத்த இடத்திற் சேரவும் வன்மையின்றி நம்மவர் இருந்தனர். அவ்வாண்டு ஜூனில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு இட ஒதுக்கீடு காக்கப்பெற்றது. 1971-இல் தமிழ்நாட்டில் அது 18 விழுக்காடாயிற்று. 2009-இல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது.

யான் மேனிலைப் பள்ளி முடித்த 1980-களில், ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியே விண்ணப்பம் வாங்கி, சேர்க்கை அட்டைக்காக அஞ்சற்காரரை எதிர்பார்த்திருப்போம். ஓர் அட்டை வந்தவுடன் சேர்ந்துவிட வேண்டும். மறு அட்டை வருமா என்று காத்திருக்கப் பணமும் இராது, துணிவும் இராது. 1997 முதல் பொறியியற் கல்லூரிகளுக்கு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு நடைபெற்றது. அழைப்புக் கடிதத்தைக் காட்டி அரைக் கட்டணப் பேருந்தில் கிண்டிக்குச் சென்று, திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் தேர்ந்தெடுக்க வேண்டும். தகப்பனார் எழுத்தறியாதவர், மகன் பதினேழு வயதினன். அந்தச் சில நிமிடங்களில் எத்தனை குடும்பங்களின் நாற்பதாண்டு வாழ்வு முடிவாயிற்று! 2018 முதல் கலந்தாய்வு இணையவழியே நிகழ்கிறது. இப்போது விருப்ப வரிசையை நாமே அமைக்கலாம். தற்காலிக ஒதுக்கீட்டை ஏற்றுச் சேரலாம், அல்லது அதனை ஏற்றுக்கொண்டே மேலுள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கலாம். கையிலுள்ளதை விடாமல் மேலுள்ளதைக் கேட்கும் இவ்வழி, 1917-இல் அண்ணல் கடிதம் எழுதிப் பெற்றதற்கு ஒருவாறு நிகரானது. நம் மாணவருட் பலர் இவ்வழி உண்டென்பதையே அறியாமல், முதல் ஒதுக்கீட்டோடு நின்றுவிடுகின்றனர்.

இதனினும் கவலை தருவது மற்றொன்று. மேனிலைத் தேர்வு முடிவு வந்த மறுவாரம் நம் ஊர்களுக்குத் தரகர்கள் வருகின்றனர். கட்டணமே இல்லை, உதவித்தொகையிலேயே படிக்கலாம் என்று கூறி, மூலச் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு செல்கின்றனர். 2012-ஆம் ஆண்டு அரசாணை 92, வருமான வரம்புக்குட்பட்ட ஆதி திராவிட, பழங்குடி மாணவரிடம் தனியார் கல்லூரிகளும் நிர்ணயிக்கப்பெற்ற கட்டணத்தைக் கேட்கலாகாது என்றது உண்மையே. ஆனால் 2018-இல் வந்த மத்திய அரசு வழிகாட்டு நெறிகள், நிர்வாக ஒதுக்கீட்டிற் சேர்ந்தோர்க்கு அவ்வுதவி இல்லை என்றுவிட்டன. தரகர் வாங்கித் தரும் இடம் பெரும்பாலும் அந்த ஒதுக்கீடே. முதலாண்டு முடிவிற் கட்டணச் சீட்டு வரும். பையன் வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றால் மாற்றுச் சான்றிதழ் கல்லூரிப் பெட்டியில் இருக்கும். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தரவேண்டும், வைத்துக்கொள்ளலாகாது என்று 2018 அக்டோபரிலேயே பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துள்ளது. இவ்வறிவிப்பின் படியொன்றை நம் கழக அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தல் நன்று. அதே வேளையில், அரசுப் பள்ளி மாணவர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலியவற்றில் 2021 முதலும் உள்ளது. அதிற் சேர்ந்தோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. தரகர் இதனைச் சொல்வதில்லை. சொன்னால் அவருக்கு வேலையில்லை.

காலக்கெடுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் இடம் பெற்ற பட்டியல் வகுப்பு மாணவர் ஒருவர், வங்கி அட்டைக் கோளாற்றால் உரிய நேரத்தில் இட ஏற்புக் கட்டணம் செலுத்த இயலாது போயிற்று. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்தின் 142-ஆம் பிரிவின்கீழ் அவரைச் சேர்க்க ஆணையிட்டது. 2024-ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலியின் மகன் ஒருவர்க்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. செலுத்த வேண்டிய தொகை 17,500 ரூபாய்; கெடு ஜூன் 24 மாலை ஐந்து மணி. ஊரிற் கேட்டுத் தொகையைத் திரட்டியபோது கெடுவுக்குச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. பணம் செலுத்தி முடியுமுன் இணையச் சாளரம் மூடிக்கொண்டது. அவர் பட்டியல் வகுப்பினர் ஆணையத்தை நாடினார். ஜார்க்கண்டு சட்ட உதவி அமைப்பை நாடினார். தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. ஆதலால் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார். இறுதியில் உச்ச நீதிமன்றத்தை அடைந்தார். மூன்று திங்கள் கழித்து, செப்டம்பர் 30-ஆம் நாள், தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, கிடைத்த அதே வகுப்பில் அவரைச் சேர்க்கவும், அதற்கெனக் கூடுதல் இடமொன்றை உண்டாக்கவும், ஏற்கெனவே சேர்ந்த எவரும் வெளியேற்றப்படாதிருக்கவும் ஆணையிட்டது. அந்த 17,500 ரூபாயை அவர் நேரிற் செலுத்தலாம் என்றும் அவ்வாணை கூறிற்று.